பெரியப்பா சட்டையில அடிக்கிற பிளீச்சிங் பவுடர் நெடி

எங்க பெரியப்பா ஹெல்த் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். அறந்தாங்கி பக்கம்தான் பாதி சர்வீஸ் ஓடுச்சு. சின்ன வயசுல லீவுக்கு அங்க போனா சாயங்காலம் அவர் சைக்கிள விட்டு இறங்குறப்பவே சட்டையில பிளீச்சிங் பவுடர் நெடி தூக்கும். பையில ஒரு சின்னப் பெட்டி வச்சிருப்பார், குளோரோஸ்கோப், கிருமியக் கொல்ல தண்ணியில பவுடர் போடுவாங்கல்ல, அந்தக் குளோரின் இருக்கான்னு பாக்குறது. தெருக்குழாய்த் தண்ணிய கண்ணாடிக் குழாய்ல புடிச்சு ரெண்டு சொட்டு மருந்து விடுவார், தண்ணி லேசா மஞ்சளாகும், பக்கத்துல இருக்குற கலரோட ஒட்டிப் பாத்துட்டு நோட்டுல எழுதுவார். மஞ்சளே ஆகலன்னா முகமே மாறிரும், அப்படியே டேங்க் ஆபரேட்டர தேடிக் கெளம்பிருவார். "கடைசி வீட்டுக் குழாய்லதாண்டா பாக்கணும், டேங்க் பக்கத்துல பாத்தா எப்பவும் நல்லாத்தான் இருக்கும்"னு சொல்வார்.

அவர் வேல பாத்த துறைக்கு 2022ல நூறு வயசு. 1922ல மெட்ராஸ் மாகாணத்துல பொது சுகாதாரத் துறைன்னு தனியா ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடியே சானிட்டரி கமிஷனர்னு ஒரு பதவி இருந்துச்சு, அதுல இருந்த கிங்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர் பேர்லதான் கிண்டியில கிங் இன்ஸ்டிடியூட் இருக்கு, 1899ல ஆரம்பிச்சது, கன்னுக்குட்டி மேல வளத்து எடுத்த பெரியம்மை தடுப்பு மருந்து அங்கேர்ந்துதான் ஊர் ஊரா போச்சு. எங்க அப்பாயி கையில ரெண்டு வட்டத் தழும்பு இருக்கும், அம்மை குத்துறவர் வர்றார்னா வைக்கப்போருக்குப் பின்னாடி போயி ஒளிஞ்சுக்குவோம்னு சொல்லும். ஆத்தா இறங்கியிருக்கான்னு வேப்பிலை கட்டுற ஊர்ல வீடு வீடா ஏறி குத்திட்டுப் போன அந்த ஆளுங்க பேர் ஒன்னுகூட யாருக்கும் தெரியாது, எனக்கு அதுதான் மனசு கஷ்டமா இருக்கும்.

அப்புறம் 1939ல மெட்ராஸ் பொது சுகாதாரச் சட்டம். ராஜாஜி மந்திரிசபையில டி.எஸ்.எஸ்.ராஜன்தான் சுகாதார மந்திரி, அவரே ஒரு டாக்டர். இந்தியாவுலயே இப்படி ஒரு சட்டம் இதுதான் மொதல்ல வந்தது. குடிதண்ணி, சாக்கடை, கொசு, தொத்து நோய், ஏன் சந்தை திருவிழா வரைக்கும் யார் என்ன செய்யணும், ஹெல்த் ஆபீசருக்கு என்ன அதிகாரம்னு எழுதி வச்சுட்டாங்க, இன்னைக்கும் அந்தச் சட்டம்தான்.

ஆனா எனக்கு பெரிய விஷயமா படுறது வேற. சுதந்திரத்துக்கு அப்புறம் நிறைய மாநிலத்துல ஆஸ்பத்திரியையும் பொது சுகாதாரத்தையும் ஒன்னாப் போட்டுக் கலந்துட்டாங்க. கலந்தா என்ன ஆகும், வார்டுல படுத்திருக்குற நோயாளிதான் கண்ணுக்குத் தெரிவார், பணமும் ஆளும் அங்கதான் போகும், தண்ணியில குளோரின் இருக்கான்னு பாக்குற வேல கடைசிக்குப் போயிரும். தமிழ்நாடு மட்டும் தனி இயக்குநரகம், தனி பட்ஜெட், பொது சுகாதாரத்துக்குன்னே படிச்ச டாக்டருங்கன்னு தனியாவே வச்சுகிச்சு.

அதோட அருமை 2004 சுனாமியிலதான் எனக்குப் புரிஞ்சுது. பெரியப்பாவ நாகப்பட்டினத்துக்கு அனுப்பிட்டாங்க, அவர் மாதிரி பல மாவட்டத்துலேர்ந்து ஆளுங்க போனாங்க. ஆறாயிரம் பேருக்கு மேல செத்த மாவட்டம் அது. முகாம்ல கூட்டம் கூட்டமா ஜனங்க, தண்ணியெல்லாம் லாரியிலதான் வருது, ஒவ்வொரு லாரியையும் நிறுத்தி குளோரின் போட்டு, அந்த டப்பாவுல மஞ்சள் ஆகுதான்னு பாத்துதான் விடுவாங்களாம், வெறும் கையால சுண்ணாம்பும் பவுடரும் தூவித் தூவி விரல் இடுக்கெல்லாம் வெந்து போயி தோல் உரிஞ்சு வந்தார், பெரியம்மாதான் தேங்காயெண்ணெ தடவி விட்டுச்சு. கடலூர் பக்கம் தட்டம்மை கொஞ்சம் வந்துச்சு, குழந்தைங்களுக்கு தடுப்பூசி போட்டாங்க. ஆனா எல்லாரும் பயந்த காலரா மட்டும் கெளம்பவே இல்ல. பேப்பர்ல அத யாரும் பெருசா எழுதல, வராத நோய எப்படி எழுதுறது.

இப்ப பெரியப்பாவுக்கே சுகர். 2021ல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு அக்கா வீட்டுக்கே வந்து மாத்திரை குடுத்துட்டுப் போவாங்க. போன மாசம் நான் போயிருந்தப்ப அவங்க பிரஷர் பாக்க கைய நீட்டச் சொன்னாங்க, இவர் நீட்டிகிட்டே, "ஏம்மா, மேலத்தெரு டேங்க்ல குளோரின் போட்டாங்களா, காலையில தண்ணியில வாசனையே இல்ல"ன்னு கேட்டுகிட்டு இருந்தார்.