கடைசி சீட்

போன கிழமை வட ஒன்ராறியோவில் டிமின்ஸில் வேலை எடுத்துப் போயிருக்கிற ஒரு தம்பி போன் எடுத்தான். "அண்ணை, பழைய ஸ்லெட் ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன். சீட் சும்மா சோபா மாதிரி. எடுக்கட்டே?"

ஸ்லெட் என்று அவன் சொன்னது பனியில் ஓடுகிற ஸ்னோமொபைலை. சோபா என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு நாரி சுள்ளென்றது. நானும் சீட்டைப் பார்த்து வாங்கினவன்தான்.

சட்பரிக்கு வந்த இரண்டாவது குளிர்காலம். 2001 மொடல், 1800 டொலர். அகலமான மெத்தை சீட். விற்றவரின் கராஜுக்குள் ஏறி இருந்து பார்த்தேன், எழும்ப மனம் வரவில்லை. பெப்ரவரியில் ஒரு சனி பின்னேரம் அதில் 40 கிலோமீற்றர் ஓடிவிட்டு வந்து, மூன்று நாள் ஹோலில் தரையோடு படுத்துக் கிடந்தேன். மனிசி சுடுதண்ணிப் போத்தலைக் கொண்டுவந்து தந்துவிட்டுச் சொன்னா: "சோபா வேணுமெண்டால் வீட்டில ஒண்டு இருக்குதுதானே."

ஸ்னோமொபைல் பாதை என்றால் வழுவழுவென்று இருக்கும் என்று நினைக்கிறவர்கள் அதைக் காலை எட்டு மணிக்குப் பார்த்தவர்கள். இரவில் குளிர் இறுகும்போது க்ரூமர் என்கிற மெசின் இழுத்து மட்டப்படுத்திவிட்டுப் போகும். பின்னேரம் மூன்று மணிக்கு அதே பாதையைப் பாருங்கள். வளைவுக்கு முன்னால் எல்லாரும் பிரேக் பிடித்த இடம், வளைவு தாண்டி எல்லாரும் கேஸ் குடுத்த இடம், இரண்டிலும் பனி வரிவரியாகத் திரைந்து கிடக்கும். ஒரு மேட்டில் எகிறின வண்டி அடுத்த இடத்தில் விழுந்து பள்ளம் பறிக்கும். அந்தப் பள்ளம் அடுத்த வண்டியை இன்னும் உயரத் தூக்கும். வன்னிக் கிரவல் ரோட்டும் இப்படித்தான் திரைகிறது. அங்கே செம்மண், இங்கே பனி, அவ்வளவுதான்.

அந்த ரோட்டில் மினிபஸ்ஸில் போனவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே பிடிபடும். நடுவில் இருக்கிறவர் வாயைத் திறந்து நித்திரை கொள்வார். பின் சில்லுக்கும் பின்னால் கடைசி சீட்டில் இருக்கிறவனின் தலை கூரையில் இடிக்கும். ஒரே பஸ், ஒரே பள்ளம்.

என் பழைய ஸ்லெட் எனக்குத் தந்தது அந்தக் கடைசி சீட்டைத்தான். காலை முன்னுக்கு நீட்டிக்கொண்டு, பின்பக்கமாகச் சரிந்து இருக்கிற பழைய அமைப்பு. அடி நேரே முள்ளந்தண்டுக்குப் போகும், எழும்பி நிற்கவும் வராது. 2003 மொடலில் ஸ்கீடூ கம்பனியின் ரெவ் வண்டி வந்தபோது ஓட்டுகிறவரை முன்னுக்கு, வண்டியின் நடுவுக்குத் தள்ளினார்கள். முழங்கால் கீழே, இடுப்பு மேலே. கதிரையில் இருந்து எழும்புகிற மாதிரி எழும்பலாம். மற்றக் கம்பனிகளும் பிறகு அந்த வழிக்கே வந்தன. ஆகவே தம்பிக்கு முதல் சொன்னது: காலை நீட்டி இருக்கிற வண்டி என்றால், சும்மா தந்தாலும் எடுக்காதே.

அடுத்தது ட்ராக்கின், அதாவது வண்டிக்கு அடியில் சுற்றுகிற ரப்பர் பட்டியின், நீளம். என் பழையது 121 அங்குலம். இப்போது இருப்பது 137. இந்த 16 அங்குலம் கடதாசியில் பெரிதாகத் தெரியாது. ஆனால் கட்டை ட்ராக் ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் இறங்கி ஏறும் இடத்தில், நீளமானது மேட்டுக்கு மேடு பாலம் போட்டுக்கொண்டு போகும். 154 அங்குலத்தில், சாய்மானத்தோடு, இரண்டு பேர் போகிற ஒன்றையும் ஓடிப் பார்த்தேன். சுகம்தான். பற்றைக்குள் இறுக்கமான வளைவு வந்ததும் லொறி திருப்புகிற மாதிரி இருந்தது. ஆழப் பனியில் புதைந்தால் என் நாரியை வைத்துக்கொண்டு அதை யார் இழுக்கிறது?

எல்லாவற்றையும் விட முக்கியம் ஷொக், அதிர்ச்சியை உள்வாங்குகிற எண்ணெய்க் குழாய். நல்ல சஸ்பென்ஷன் என்று பெயரெடுத்த வண்டியும் ஷொக் செத்தால் ஓட்டுகிறவருக்குக் கட்டில்தான். பின் பம்பரில் முழுப் பாரத்தையும் போட்டு அமத்திவிட்டுக் கையை எடுங்கள். ஆறுதலாக, ஒரே மூச்சில் எழும்ப வேண்டும். பந்து மாதிரித் துள்ளினால் உள்ளே எண்ணெய் வேலை செய்யவில்லை. எழும்பாமல் பாதியில் நின்றால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, அல்லது எங்கேயோ இறுகிப் பிடிக்கிறது. பிறகு குனிந்து டோர்ச் அடித்து ஷொக்கின் தண்டைப் பாருங்கள். அதில் கறுப்பாக, ஈரமாக, தூசி பிடித்த ஒரு வளையம் இருந்தால் எண்ணெய் கசிகிறது. மின்னுகிற சீட்டைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் இந்த வளையத்தைப் படம் எடுப்பதில்லை.

கப்ரியோல் பக்கம் ஒரு வண்டி பார்க்கப் போனேன். சீட்டுக்குப் புது உறை. வெளியே மைனஸ் 18. எஞ்சின் மூடியில் கையை வைத்தால் இளஞ்சூடு. நான் வர முதலே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருக்கிறார். குளிரில் எடுக்கச் சிரமப்படுகிற எஞ்சின் என்று விளங்கிக்கொண்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். நல்ல மனுசன், நல்ல தேத்தண்ணி.

கடைசியில் எடுத்தது 2015 ஸ்கீடூ ரெனகேட், 600 ஈ-டெக் எஞ்சின், ஆர்மோஷன் பின் சஸ்பென்ஷன், 8900 கிலோமீற்றர். சீட் ஒரு மூலையில் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. அதைச் சொல்லியே 300 டொலர் குறைத்தேன். டனலில், ட்ராக்குக்கு மேலே இருக்கிற உலோக உடலில், அடித்திருக்கிற இலக்கத்தையும் கடதாசியையும் ஒத்துப் பார்த்தேன். சப்பாத்து, ஹெல்மெட், முழு உடுப்போடு ஏறி நின்று பார்த்தேன். ஹாண்டில் பதிவாக இருந்து நாரி வளைந்தது, உயர்த்துகிற துண்டு ஒன்று வாங்கிப் போட்டேன். ஷொக் எல்லாவற்றையும் கழற்றிப் புது எண்ணெய், புது சீல் போடக் குடுத்தேன். சீட்டுக்குச் செலவழிக்க நினைத்த காசு அதற்குச் சரியாக இருந்தது. முன்பு இதை ஓடினவர் மெலிந்தவர் போல, பின் ஸ்பிரிங் என் 92 கிலோவுக்குக் கொஞ்சம் தளர்வாகத்தான் இருந்தது. ஸ்பிரிங்கை இறுக்குகிற கேமைத் திருப்பி ஒரு படி இறுக்கியதும் சரிவந்தது.

டேப் இன்னும் அப்படியே இருக்கிறது.

தம்பியிடம் ஷொக்கைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நேற்றிரவு வந்தது. கை நடுங்கி எடுத்த படம், பாதி இருட்டு. பெரிதாக்கிப் பார்த்தேன். தண்டைச் சுற்றி அந்தக் கறுப்பு வளையம். கீழே எழுதியிருந்தான்: "அண்ணை, ஆனா சீட் உண்மையிலயே நல்லம்."