கோப்பிக் கடைப் புகார்

"அண்ணே, திருவிழாப் படம் ஏறவே மாட்டேங்குதே!"

தே தாரிக் கைக்கு வருவதற்குள் புகார் வந்துவிட்டது. மாஸ்டடான் என்பது அவரவர் நடத்தும் சர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்த சமூக வலைத்தளம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் சின்ன மாஸ்டடான் சர்வருக்கு உதவி மையம் இந்தக் கோப்பிக் கடை மேசைதான்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் டிஸ்க் நிறைந்து கிடக்கிறது. நம் ஆட்கள் போட்ட படங்கள் கொஞ்சம்தான். மீதி எல்லாம் வெளியூர்ச் சரக்கு!

ஜெர்மனியில் யாரோ தன் பூனைக்காக நடத்தும் கணக்கை நம்மில் ஒருவர் பின்தொடர்ந்தால் போதும். பதிவோடு படத்தின் நகலும் நம் சர்வரில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

'டூட்சிடிஎல் மீடியா ரிமூவ்' என்று ஒரு கட்டளை. 7 நாளைத் தாண்டிய வெளி நகல்கள் போயின. மூலப் படம் அவரவர் சர்வரில் இருக்கும்வரை மறுபடி இழுத்துக்கொள்ளலாம்.

நம் படங்களுக்கு அந்த வசதி இல்லை. இங்கே போனால் போனதுதான். தோட்டத்து லயன் வீடுகளை இடிக்கும் முன் எடுத்தவையும் அதில் இருக்கின்றன. அங்கே இப்போது செம்பனை.

பெரிய தளங்களில் யாரிடம் போய்க் கேட்பது? இங்கே நிர்வாகியான என்னை எதிரில் உட்காரவைத்தே திட்டலாம். (திட்டுகிறார்கள்.)

சரி, இன்றிரவு வெளி டிரைவில் ஒரு பேக்கப். பழைய டிரைவ் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள்.