வெள்ளி மாலை வந்த திருத்தம்

"தப்பான தேதியைப் போடறப்ப மூணு பேர் ஒப்புதல் கொடுத்தீங்க. சரியான தேதியைப் போட ஒருத்தர் போதாதா சார்?"

பல்கலைக்கழக இணையதளத்தைப் பராமரிக்கும் என்னிடம் ஒரு துறையின் இணையதள ஒருங்கிணைப்பாளர் போனில் கேட்டது இது. ஆய்வு மாணவர் சேர்க்கை நேர்காணல் 12ஆம் தேதி அல்ல, 19. திருத்திய பிடிஎப்பை அவரே ஏற்றி வரைவாகச் சேமித்திருந்தார். மணி ஐந்தே முக்கால். பிரிவு அலுவலர் கிளம்பிவிட்டார். "திங்கள் காலையில முதல் வேலையா போட்டுடறேன் மேடம்" என்றேன்.

விதிப்படி நான் சொன்னது சரி. அரசு இணையதளங்களுக்கான ஜிஐஜிடபிள்யூ நெறிமுறைகள், உள்ளடக்கம் தருபவர், சரிபார்ப்பவர், ஒப்புதல் அளிப்பவர் என்று வேலையைப் பிரித்து எழுதிவைக்கச் சொல்கின்றன. மொத்தத்துக்கும் பொறுப்பாக ஓர் இணையத் தகவல் மேலாளரும் வேண்டும். அதை அப்படியே, எங்கள் தளத்தை நடத்தும் மென்பொருளான ட்ரூபலின் பணிப்பாய்வில் இறக்கியிருந்தோம். துறை ஒருங்கிணைப்பாளருக்கு வரைவு வரைதான் உரிமை. வெளியிடுவது பதிவாளர் அலுவலகத்துப் பிரிவு அலுவலர். நிர்வாகிக் கணக்கில் எல்லாப் பொத்தானும் தெரியும், எனக்கும் தெரிந்தது. அதை அழுத்தக் கூடாது என்பது நாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு.

அந்தக் கட்டுப்பாடு சும்மா வரவில்லை. முன்பு துறைகளிடமே வெளியிடும் உரிமை இருந்தது. 'சின்னத் திருத்தம்' என்று ஒரு துறை கட்டண அட்டவணையில் கை வைத்தது; இரண்டு வரிகளை ஒன்றாக்கியதில் தொகை மாறிப்போனது. மாணவர்கள் செலான் ரசீதோடு வந்து நின்ற பிறகு, எல்லாத் துறைகளின் உரிமையையும் ஒரே நாளில் எடுத்தோம். எந்தத் துறை செய்தது என்று பார்த்து அதை மட்டும் எடுத்திருக்கலாம். அப்போது யாருக்கும் தோன்றவில்லை. அல்லது தோன்றியும், ஒரு துறையிடம் மட்டும் எடுத்தால் வரும் சண்டைக்கு யாரும் தயாராக இல்லை.

திங்கள் காலை ஒப்புதல் வந்தது, பக்கம் வெளியானது, 19 என்று காட்டியது. பதினொரு மணிக்கு அதே மேடம் மறுபடி அழைத்தார்: பழைய தேதிதான் வருகிறது. பார்த்தால், மாணவர்கள் திறந்தது பக்கத்தை அல்ல. முந்தைய வாரம் வாட்ஸாப்பில் சுற்றிய பிடிஎப் இணைப்பை. ஒரே பெயரில் இரண்டாவது கோப்பை ஏற்றினால் ட்ரூபல் பழையதன் மேல் எழுதாது. பெயருக்குப் பின்னால் அடிக்கோடும் பூஜ்யமும் ஒட்டிப் புதிதாக வைத்துக்கொள்ளும். பழைய கோப்பு எந்தப் பக்கத்திலும் இல்லாவிட்டாலும் சர்வரில் அப்படியே கிடக்கும். 8.4 பதிப்பிலிருந்து, பயன்பாட்டில் இல்லாத கோப்புகளை அது தானாக நீக்குவதில்லை.

பழைய முகவரியைப் புதியதற்குத் திருப்பிவிடலாம் என்று ரீடைரக்ட் மாட்யூலில் ஒரு வரி போட்டோம். வேலை செய்யவில்லை. கோப்பு அந்த இடத்தில் இருக்கும்வரை சர்வர் மென்பொருளான அப்பாச்சியே எடுத்துக் கொடுத்துவிடும், கோரிக்கை ட்ரூபல்வரை வருவதே இல்லை. முதலில் கோப்பை நீக்க வேண்டும். அதற்குக் கணினி மையத்துக்காரர் வேண்டும், அவர் மதியத்துக்கு மேல் வந்தார். அவர் நீக்கிய பிறகும் சிலருக்குப் பழையதே வந்தது. எங்கள் ட்ரூபலோடு வந்த எச்டிஅக்சஸ் என்ற அமைப்புக் கோப்பில், கோப்புகளை இரண்டு வாரம் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொள்ளும்படி உலாவிக்குச் சொல்லும் வரி ஒன்று இருந்தது. 12ஆம் தேதியை ஒருமுறை திறந்தவருக்கு அது கைபேசியிலேயே உட்கார்ந்திருந்தது.

ஆக, வெள்ளி மாலை நான் அழுத்தியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். ரொம்ப நாள் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அழுத்தியிருந்தால் இந்தக் கோளாறு வெள்ளிக்கிழமையே தெரிந்திருக்கும், நடுவில் இரண்டு நாள் கிடைத்திருக்கும். பக்கத்தைத் திறந்து பார்த்தவர்களாவது சரியான தேதியைப் பார்த்திருப்பார்கள்.

ஒப்புதல் சங்கிலி முழுக்கப் பக்கத்துக்கானது. கோப்புக்கு யார் பொறுப்பு என்று எங்கள் ஆவணம் எதிலும் இல்லை. பக்கம் பதிவாளர் அலுவலகத்துடையது, சர்வர் கணினி மையத்துடையது, நாக் தர மதிப்பீட்டு வேலை நடக்கும் மாதங்களில் எல்லாமே ஐக்யூஏசி என்ற உள் தர உறுதிப் பிரிவுடையது. நாக்குக்கு அனுப்பும் சுய ஆய்வறிக்கையில் கொடுத்த இணைப்பு ஒன்றுகூட உடையக் கூடாது என்று அவர்கள் பழைய கோப்பு எதையும் நீக்கவிடமாட்டார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. துறை ஒருங்கிணைப்பாளருக்கோ இந்த வேலைக்காக வகுப்புகளில் ஒரு மணி நேரம்கூடக் குறைத்துக் கொடுக்கவில்லை.

பிறகு மாற்றினோம். தேதி, நேரம், இடம் மூன்றும் பக்கத்திலேயே எழுத்தாக வர வேண்டும். பிடிஎப் கையொப்பத்துக்கு மட்டும். இந்த மூன்றில் திருத்தம் என்றால் துறையே உடனே வெளியிடலாம், 'திருத்தப்பட்டது' என்ற வரியும் நேரமும் தானாக விழும், ஒப்புதல் அடுத்த வேலைநாளில். கட்டண அட்டவணைக்கு இது பொருந்தாது. சரியான ஏற்பாடு என்றுதான் இன்னும் நினைக்கிறேன், முதல் ஆளாக அதைப் பயன்படுத்திய துறை கருத்தரங்கின் 'இடம்' கட்டத்தில் வரவேற்புரை வழங்குவோர் பெயர்களை வரிசை மாற்றிப் போட்டிருந்தபோதும்.

நேர்காணல் தேதி மாறிய அந்தத் துறை இதுவரை அதைத் தொடவில்லை. அறிவிப்பைக் கைபேசியில் படம் பிடித்து முதலில் வாட்ஸாப் குழுவில் போடுகிறார்கள். எங்களுக்கு வரைவு மறுநாள்தான் வருகிறது, எல்லாக் கட்டமும் பிழையில்லாமல் நிரப்பி.