மேற்கோள்குறிக்குள் கேட்கும் பேச்சு

சிட்னி புறநகர் ஒன்றின் பொது நூலகத்தில், உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். முன்னோரைத் தேடி வருபவர்களுக்குப் பழைய செய்தித்தாள்களில் துப்புத் துலக்கிக் கொடுப்பதுதான் முக்கிய வேலை. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளத்தில், 1803-இல் தொடங்கிய 'சிட்னி கெசட்' இதழையே வீட்டிலிருந்து படிக்கலாம்.

கண்டுபிடிப்பதை விடப் புரிந்துகொள்வதுதான் கஷ்டம். பிரிட்டனிலிருந்து இங்கே கப்பலேற்றி அனுப்பப்பட்ட கைதிகள் லண்டன் திருடர்களின் குழூஉக்குறியையும் கூடவே கொண்டுவந்தார்கள். அதற்கு 'ஃப்ளாஷ்' என்று பெயர். ஆரம்ப கால நீதிமன்றங்களில் சாட்சிகள் சொல்வதை விளக்கவே அடிக்கடி ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டதாக வாட்கின் டென்ச் என்ற படை அதிகாரி 1793-இல் வெளியான நூலில் எழுதியிருக்கிறார். 1812-இல் ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ் என்ற கைதியே அதற்கு ஒரு சொற்பட்டியல் தொகுத்தார். அதில் 'நியூ சம்' (new chum) என்றால் சிறைக்குப் புதிதாக வந்தவன். பிற்காலப் பத்திரிகைகளிலோ, கப்பலிலிருந்து இறங்கிய எந்தப் புதுக் குடியேறியும் 'நியூ சம்' தான்.

ஒருமுறை ஒரு மூதாட்டி வந்தார். அவருடைய முன்னோர் ஒருவரைப் பழைய செய்தி ஒன்று 'கவர்ன்மென்ட் மேன்' என்று குறிப்பிட்டிருந்தது. அரசு அதிகாரி என்றே குடும்பத்தில் நம்பியிருந்தார்கள். அந்தக் காலத்தில் அது கைதியைக் குறிக்கும் பேச்சு. 'கைதி' என்று முகத்துக்கு நேரே சொன்னால் அவர்கள் புண்படுவார்கள் என்பதால் வந்த வழக்கு. எப்படிச் சொல்வதென்று தயங்கி, அதே காலத்துச் செய்திகள் சிலவற்றையும், ஓடிப்போன கைதிகளின் பட்டியல் ஒன்றையும் எடுத்து அவர் முன் வைத்தேன். நிதானமாகப் படித்தார். அப்புறம், "எந்தக் கப்பலில் வந்தார் என்று தெரியுமா?" என்று கேட்டார்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தவை போலீஸ் கோர்ட் செய்திகள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவன் பேசிய பேச்சு நமக்குக் கிடைப்பது, அவன் கூண்டில் நின்ற நாளன்று ஒரு நிருபர் அங்கே உட்கார்ந்திருந்ததால்தான். புதுக் கொச்சைச் சொல்லை முதலில் மேற்கோள்குறிக்குள் போடுவார்கள். வாசகர்களுக்குப் பழகியதும் குறி உதிர்ந்துவிடும். ஒரு சொல் எப்போது ஊர்ப்பேச்சாக மாறியது என்பதை இதை வைத்தே ஓரளவு கணிக்கலாம்.

ஆனால் பத்திரிகைகள் சொன்னதெல்லாம் உண்மையல்ல. 1870 வாக்கில் மெல்போர்னில் பரவிய 'லாரிகின்' என்ற சொல், அதாவது அடாவடிப் பையன், ஓர் ஐரிஷ் போலீஸ்காரர் நீதிமன்றத்தில் 'லார்க்கிங்' (குறும்பு செய்வது) என்பதை இழுத்து உச்சரித்ததால் பிறந்தது என்றொரு கதை உண்டு. அகராதி வல்லுநர்கள் இதை ஏற்பதில்லை. இங்கிலாந்து வட்டார வழக்கிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். யார் இந்தக் கதையைச் சொன்னாலும் நான் மறுக்காமல் விடுவதில்லை.

ட்ரோவில் இயந்திரம் படித்துத் தரும் எழுத்தில் பிழைகள் மலிந்திருக்கும். யார் வேண்டுமானாலும் திருத்தலாம். திருத்த உட்காரும் தன்னார்வலர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: அச்சில் இருப்பதை அப்படியே தட்டுங்கள், நல்ல ஆங்கிலமாக மாற்றிவிடாதீர்கள். கடும் உழைப்பைக் குறிக்கும் 'யாக்கா' பிரிஸ்பேன் பகுதிப் பழங்குடிகளின் யகரா மொழியிலிருந்து வந்தது. பத்திரிகைகள் அதைப் பல விதமாக எழுத்துக்கூட்டியிருக்கின்றன. ஒரு யகரா சொல்லை ஆங்கிலேயர் காதுகள் எப்படியெல்லாம் வாங்கின என்பது அந்த வேறுபாடுகளில்தான் தெரிகிறது. எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டால் அந்தத் தடம் அழிந்துபோகும்.