ஒரே வெள்ளிக்கிழமை, இரண்டு ராகு காலம்

சிங்கப்பூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு வான்வழியாகச் சுமார் 13,600 கிலோமீட்டர். நேரடி விமானம் என்றால் 15 மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே. கோடையில் இரண்டு ஊருக்கும் உள்ள நேர வித்தியாசமும் அதே 15 மணிதான். ஆக, வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு அங்கே கிளம்பினால், அதே வெள்ளிக்கிழமை ஒன்பதேகால் வாக்கில் இங்கே இறங்கிவிடலாம். பசிபிக் நடுவே சர்வதேசத் தேதிக்கோட்டைத் தாண்டும்போது காலண்டர் ஒரு நாள் பின்னால் போய்விடுகிறது.

அக்கா வீட்டிலிருந்து கிளம்பிய அம்மாவிடம் இதை யாரும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு. அதற்கு முன்பே கிளம்புகிற விமானம் என்பதில் அவருக்கு ஏகப்பட்ட திருப்தி. வழியில் இருட்டி, மறுபடி விடிந்தும்விட்டதால் சனிக்கிழமை என்றே நம்பி வந்திருக்கிறார்.

இமிகிரேஷன் வரிசை, பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வரும்போது மணி பத்தரை.

"இன்னைக்கு என்ன கிழமைடா?"

"வெள்ளி."

அவ்வளவுதான். தள்ளுவண்டி நின்றுவிட்டது.

"புது வீட்டுக்கு மொதமொதல்ல ராகு காலத்துலயா கூட்டிட்டுப் போவ?"

"அதான் ஃபிளைட்லயே முடிஞ்சுபோச்சேம்மா."

"அது சிங்கப்பூர் ராகு காலம்."

இங்கேதான் அப்பா உதவிக்கு வந்தார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை எட்டாகப் பிரித்தால் வெள்ளிக்கு நாலாவது பங்குதான் ராகு காலம். ஆறு மணிக்கு உதித்து ஆறு மணிக்கு மறையும் ஊருக்குத்தான் பத்தரைக் கணக்கு என்று ஆரம்பித்தார். ஜூன் மாதம் இங்கே ஆறு மணிக்குச் சற்று முன்பே உதயம், அஸ்தமனம் இரவு எட்டரைக்கு மேல். போனில் கணக்குப் போட்டு வெற்றியோடு நிமிர்ந்தார்: "ஆரம்பிக்கிறதே பதினொன்னு இருபதுக்குத்தான்! கிளம்பு, கிளம்பு."

"வீடு எவ்வளவு தூரம்?" என்றார் அம்மா.

"ஒரு மணி நேரம் ஆகும்."

"அப்போ சரியா வாசல்ல வந்து பிடிச்சுக்கும். எப்போ முடியுது?"

"ஒன்னு பத்து," என்றார் அப்பா, குரல் இறங்கி.

அம்மா இரண்டு கணக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். எதற்கு வம்பு? பத்தரையிலிருந்து ஒன்று பத்து வரை விமான நிலைய பெஞ்சில் முறுக்கு டப்பாவைத் திறந்து உட்கார்ந்தோம். பார்க்கிங் கட்டணம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா யார் முகத்தையும் பார்க்காமல் முறுக்கை உடைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் டிக்கெட் போடும்போது, மேலே மேற்கிலிருந்து வேகமாகக் காற்று அடிப்பதால் போகும் பயணம் இரண்டு மணி நேரம் கூடும் என்று நான் விளக்கினேன். அம்மா அதைக் காதிலேயே வாங்கவில்லை. "வெள்ளி ராத்திரி ஏறினா ஞாயித்துக்கிழமை விடியக்காலைதான் இறங்குவோமாமே? சனிக்கிழமை ராகு காலமே வராதாம். அதையே போடு."