காரணம் எழுதப்படாத இருபது பெயர்கள்

மாணவர் கவுன்சில் தேர்தலில் தோற்ற மாணவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவான். மூன்றாம் நாள் பார்த்தால் ஜெயித்தவனோடு கேன்டீனில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பான். அதே கவுன்சிலுக்கான நியமனத்தில் பெயர் விட்டுப்போனவன் அப்படி ஆறமாட்டான். அடுத்த செமஸ்டரிலும் அதையேதான் பேசுவான். மாணவர் நல டீன் அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்த வருடங்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தோற்றவனிடம் காட்ட எங்களிடம் ஓர் எண்ணிக்கை இருந்தது: உனக்கு இத்தனை ஓட்டு, அவனுக்கு இத்தனை. விட்டுப்போனவனிடம் காட்ட எதுவுமே இருக்காது.

நான் வேலை பார்த்தது 2009-ஆம் ஆண்டின் மத்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்கீழ் வந்த பல்கலைக்கழகங்களில் ஒன்று. எது என்பது வேண்டாம். சட்டம் எல்லாவற்றுக்கும் பொதுதான். மாணவர் கவுன்சில் எப்படி அமைய வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. கவுன்சிலுக்குத் தலைவர் மாணவர் அல்ல, மாணவர் நல டீன். படிப்பு, விளையாட்டு, கலைச் செயல்பாடுகள் ஆகியவற்றில் தகுதி பார்த்து அகாடமிக் கவுன்சில் நியமிக்கும் 20 மாணவர்கள் ஒரு பக்கம். மாணவர்களே தேர்ந்தெடுக்கும் 20 பேர் மறுபக்கம். பாதிக்குப் பாதி. காகிதத்தில் நல்ல ஏற்பாடு.

நடைமுறை வேறு. அகாடமிக் கவுன்சிலில் உட்கார்ந்திருக்கும் பேராசிரியர்களுக்குப் பக்கத்துத் துறை மாணவர் யாரென்றே தெரியாது. ஆகவே எங்கள் அலுவலகம் துறைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பும். துறைத் தலைவர்கள் ஆளுக்கொரு பெயர் எழுதி அனுப்புவார்கள். அதை நாங்கள் தட்டச்சு செய்து, அஜெண்டாவின் கடைசியில் செருகுவோம். எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும் நேரத்தில் அது நிறைவேறும். சட்டத்தில் மூன்றாக இருந்த தகுதி, துறைத் தலைவரின் மேசைக்கு வரும்போது சி.ஜி.பி.ஏ. என்ற மதிப்பெண் சராசரி ஒன்றாகச் சுருங்கிவிடும். வகுப்பில் முதலாவதாக வருபவரின் பெயரை எழுதினால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் அல்லவா!

இதில் வேடிக்கை என்னவென்றால், முதல் மாணவர்களில் பலருக்கு அந்தப் பதவி வேண்டவே வேண்டாம். அறிவிப்புப் பலகையில் தன் பெயரைப் பார்த்துவிட்டு, "சார், நெட் பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு இருக்கேன், என் பேரை எடுத்துடுங்க" என்று வந்து நிற்பார்கள். வேண்டும் என்று நினைத்தவர்களோ பட்டியலில் இருக்கமாட்டார்கள். ஹாஸ்டல் தண்ணீர்ப் பிரச்சினைக்கு நாலு முறை எங்களோடு சண்டை போட்டவர், நாடகக் குழுவை நடத்துபவர், மெஸ் கணக்கை வரிக்கு வரி படிப்பவர். இப்படிப்பட்டவர்கள்தான் என் அறைக்கு வந்து, "என்ன அடிப்படையில சார் போட்டீங்க?" என்று கேட்பார்கள். ஃபைலைத் திறந்தால் 'முன்மொழிந்தபடி ஒப்புதல்' என்று இரண்டு சொற்கள் இருக்கும். அவ்வளவுதான்.

பதில் இல்லாத இடத்தில் அவரவர் பதிலை அவரவரே போட்டுக்கொள்வார்கள். சாதி, மாநிலம், மொழி, துறைத் தலைவருக்கு வேண்டியவர், டீனிடம் ஆராய்ச்சி செய்பவர். இவற்றில் சில உண்மையாகவும் இருந்திருக்கலாம். இல்லை என்று அடித்துச் சொல்ல எங்களிடம் ஒரு வரிகூட எழுத்தில் இல்லை என்பதுதான் சங்கடம்.

எங்கள் வளாகத்தில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கேரளத்துக் கல்லூரிகளிலிருந்து எம்.ஏ. படிக்க வந்த பிள்ளைகளுக்குக் கல்லூரித் தேர்தல் என்பது ஓணத்தைப்போல வருடாவருடம் வருவது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்து வந்தவர்களில் பலர் மாணவர் தேர்தல் வாக்குச்சீட்டையே முதல்முறையாக எங்களிடம்தான் பார்த்தார்கள். அவர்களுக்கு 'நியமனம்' இயல்பாகத் தெரிந்தது. பேராசிரியர் கைகாட்டியவர்தானே எப்போதும் செயலாளர்! முதலில் சத்தம் போட்டவர்கள் மலையாளப் பிள்ளைகள். ஒரே வருடத்தில் நம்மவர்களும் கற்றுக்கொண்டார்கள். பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்ட மனு எழுதுவதில் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி பிறகு எல்லோரையும் மிஞ்சிவிட்டாள். அவளுடைய மனு வந்தால் முப்பது நாள் கெடு முடியும்வரை எங்கள் துணைப் பதிவாளர் சரியாகச் சாப்பிடமாட்டார்.

தேர்தலுக்கு விதிகளுக்குப் பஞ்சமில்லை. கேரளப் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைந்த குழு, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையில், 2006 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. வேட்பாளர் 5,000 ரூபாய்க்குமேல் செலவு செய்யக்கூடாது, வருகைப் பதிவு குறைந்தது 75 சதவீதம், அச்சடித்த சுவரொட்டி கூடாது, மனுத்தாக்கல் முதல் முடிவு வரை பத்து நாளுக்குள் முடிக்க வேண்டும், ஆராய்ச்சி மாணவருக்கு வயது வரம்பு 28. இப்படிப் பக்கம் பக்கமாக. நியமனம் பற்றிக் குழு சொன்னது கொஞ்சம்தான்: அதில் குறைகள் உண்டு, அது இடைக்கால ஏற்பாடாக மட்டுமே இருக்கலாம், வெறும் மதிப்பெண்ணை வைத்து நியமிப்பது நல்லதல்ல, ஐந்தாண்டுக்குள் எல்லா இடங்களும் தேர்தலுக்கு மாற வேண்டும். அந்த ஐந்தாண்டு 2011-லேயே முடிந்துவிட்டது. எங்கள் சட்டத்தின் 20 நியமன இடங்களோ அப்படியே இருந்தன. நான் ஓய்வு பெறும்வரை இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் வேலை பார்த்தேன்.

பெரிய சண்டை வந்தது அந்த 20 இடங்களில் அல்ல, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பக்கத்தில். ஒரு வருடம் கலைச் செயலாளராக ஜெயித்த மாணவர் நடுவிலேயே படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் மாணவர் தலைவர் (கவுன்சில் தலைவரான டீன் அல்ல) லெட்டர்பேடில் ஓர் ஆணை அடித்து, தன் அறைத்தோழனைக் கலைச் செயலாளராக நியமித்து, நகலை எங்களுக்கு அனுப்பினார். அன்று மாலையே மூன்று மனுக்கள் வந்தன.

லிங்டோ அறிக்கை என்ன சொல்கிறது? முக்கியப் பொறுப்பு தேர்தல் முடிந்து இரண்டு மாதத்துக்குள் காலியானால் மறுதேர்தல். அதற்குப் பிறகு என்றால் துணைத்தலைவர் தலைவராகலாம், இணைச் செயலாளர் செயலாளராகலாம். கலைச் செயலாளர் போன கதை அதில் இல்லை. எங்கள் பல்கலைக்கழக விதிகளான ஆர்டினன்சிலும் இல்லை. ஆகவே ஆளுக்கொரு நியாயம். தேர்தலில் இரண்டாவதாக வந்த பெண், "எனக்கு ஓட்டுப் போட்டவங்க இருக்காங்க சார், இவனுக்கு யார் போட்டாங்க?" என்றார். தலைவர், "வேலை வாங்க வேண்டியவன் நான், எனக்கு ஒத்துவர்ற ஆள் வேணாமா?" என்றார். நியமன உறுப்பினர்கள், தங்களைக் கேட்காமல் கவுன்சில் பெயரில் யாரையும் நியமிக்க முடியாது என்றார்கள். இரண்டாவதாக வந்தவர் தானாக அந்த இடத்துக்கு வந்துவிட வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை, தோற்றவர் தோற்றவர்தான். ஆனால் மூவரில் கையில் ஓர் எண்ணோடு வந்தவர் அவர் மட்டுமே.

மீதியிருந்தது சில மாதங்கள். அதற்கு ஏன் இவ்வளவு அடிதடி என்று புதிதாக வந்த உதவியாளர் கேட்டார். ஆண்டு விழாப் பணம் ஒரு காரணம். இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது. பொறுப்பாளர் பதவிக்கு ஒரு மாணவர் ஒரே ஒருமுறைதான் போட்டியிடலாம் என்பது லிங்டோ விதி. நியமிக்கப்பட்டவர் போட்டியே போடவில்லையே! இந்த வருடம் மேடையில் மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் தெரிந்த முகமாகிவிட்டு, அடுத்த வருடம் தலைவர் பதவிக்குப் புது ஆளாக நிற்கலாம். மனு கொடுத்த பிள்ளைகள் அதை எங்களுக்கு முன்பே கணக்குப் போட்டிருந்தார்கள்.

மனுவை எங்கே அனுப்புவது என்பதே அடுத்த தலைவலி. குறைதீர்ப்புக் குழு இருந்தது. லிங்டோ அறிக்கைப்படி அதற்குத் தலைவர் மாணவர் நல டீன். கவுன்சிலுக்கும் அவரே தலைவர். கவுன்சிலின் நியமனத்தின்மீது புகார் என்றால் டீன் ஒரு தொப்பியைக் கழற்றிவிட்டு மற்றதை மாட்டிக்கொண்டு தன்னைத்தானே விசாரிக்க வேண்டும். போதாததற்கு அந்தக் குழு பார்க்க வேண்டியது தேர்தல் தொடர்பான புகார்களை. நியமனம் தேர்தல் தொடர்பானதா, இல்லையா? இந்தக் கேள்விக்கு ஒரு முழு மதியம் போனது.

சட்டத்துறை மாணவர் ஒருவர் எங்கிருந்தோ ஓர் அமெரிக்கத் தீர்ப்பை அச்செடுத்து வந்தார். விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம், 1976. மில்வாக்கி பல்கலைக்கழகத்தின் சான்சலர் குழுக்களுக்கான மாணவப் பிரதிநிதிகளைத் தானே நியமிக்கப் பார்த்தார். தங்கள் பிரதிநிதியைத் தேர்வு செய்யும் உரிமையை மாநிலச் சட்டம் மாணவர்களுக்கே கொடுத்திருக்கிறது என்று மாணவர் சங்கம் வழக்குப் போட்டது. நீதிமன்றமும் மாணவர் பக்கமே நின்றது. பதிவாளர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "தம்பி, இது விஸ்கான்சின் இல்லப்பா" என்று திருப்பிக் கொடுத்தார். எல்லோரும் சிரித்தோம், அந்தப் பையனும்தான். ஆனால் டீன் சிரிக்கவில்லை. அன்று மாலை தாளைக் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போனார்.

மறுநாள் வந்து அவர் செய்தது எளிமையானது. தலைவர் கொடுத்த ஆணையை நிறுத்திவைத்தார். விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் ரகசிய வாக்குச்சீட்டில் முடிவு செய்யட்டும் என்றார். ஏற்றால் அந்தப் பதவி 'ஒருமுறை' கணக்கில் சேரும் என்றும் எழுதி வாங்கினார். கூட்டம் நடந்தது. வென்றது யார் தெரியுமா? தலைவரின் அதே அறைத்தோழன். அதுவும் நல்ல வித்தியாசத்தில். ஆளும் மாறவில்லை, பதவியும் மாறவில்லை. ஆனால் மூன்று மனுக்களும் அன்றே வாபஸ். இரண்டாவதாக வந்த பெண் மறுவாரம் ஆண்டு விழா மேடைப் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு, வாக்கெடுப்பு நடத்த முடிந்த இடங்களில் நியமனத்தை நாடுவது சோம்பல்தான் என்ற எண்ணம் எனக்கு உறுதியானது. உள் புகார்க் குழு ஓர் உதாரணம். பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறை, மாணவர் சம்பந்தப்பட்ட விஷயங்களில் இளநிலை, முதுநிலை, ஆராய்ச்சி என மூன்று மாணவப் பிரதிநிதிகள் வேண்டும், அவர்கள் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. எங்கள் இடத்தில் வழக்கம்போல மூன்று பெயர்களுக்குக் குறிப்பு தயாரானது. ஆராய்ச்சி மாணவிகள் சிலர் விதிமுறையின் அந்த வரியை மஞ்சள் மையால் கோடிட்டு என் மேசையில் வைத்தார்கள். வாதாட எதுவும் இல்லை. குறிப்பு குப்பைக்குப் போனது, தேர்தல் ஒரே மதியத்தில் முடிந்தது.

அதற்காக நியமனமே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பார்வையற்ற மாணவர் ஒருவர் அந்த 20 பேரில் ஒருவராக வந்தார். சின்னத் துறை, மொத்தம் பத்துப் பன்னிரண்டு பேர். தேர்தலில் நின்றால் வென்றிருக்கவே முடியாது. திரைவாசிப்பு மென்பொருள் இல்லாத நூலகக் கணினிகளைப் பற்றி முதன்முதலாகக் கவுன்சிலில் பேசியவர் அவர். பெரிய துறையின் பெரிய கூட்டம் எல்லாவற்றையும் வென்றுவிடும் இடத்தில், இப்படிச் சில நாற்காலிகளைத் தனியே எடுத்து வைப்பது சரிதான். ஆனால் அவரைப் பற்றியும், "டீனுக்கு வேண்டிய ஆள்" என்று பேச்சு வந்தது. ஏன் அவர் என்று நாங்கள் எங்கேயும் எழுதவில்லை. நல்ல நியமனமும் கெட்ட நியமனமும் ஃபைலில் ஒரே மாதிரி 'முன்மொழிந்தபடி ஒப்புதல்' என்றே கிடந்தன.

பட்டியலில் ஒரு பத்தி கூடுதலாகச் சேர்க்கலாம், பெயருக்கு எதிரே ஒற்றை வரியில் காரணம் என்று குறிப்பு எழுதினேன். துணைப் பதிவாளருக்குப் பிடிக்கவில்லை. "எழுதுனா அதையே புடிச்சுக்கிட்டுக் கேள்வி கேப்பாங்கய்யா." அது உண்மைதான். எழுதாதபோதும் கேட்டுக்கொண்டுதானே இருந்தார்கள் என்றேன். டீன் கையெழுத்துப் போட்டார். துறைத் தலைவர்களில் பாதிப்பேர் அந்தப் பத்தியை 'நல்ல மாணவர்' என்று நிரப்பி அனுப்பினார்கள். திருப்பி அனுப்பினோம். இரண்டாம் முறை கொஞ்சம் யோசித்து எழுதினார்கள். சில இடங்களில் பெயரே மாறி வந்தது.

பட்டியல் ஒட்டிய அன்று முதல் ஆட்சேபம் வெளியே இருந்து வரவில்லை. நியமனம் ஆன மாணவரே வந்தார்.

"சார், என் பேருக்கு நேரா 'விளையாட்டில் சிறந்த ஈடுபாடு'ன்னு இருக்கு. நான் கேரம்கூட ஆடுனதில்ல."

விசாரித்தால், துறை அலுவலகத்தில் மேல் வரிசைக்காரரின் காரணத்தை இவருக்கு எதிரே அடித்துவிட்டார்கள். இவர் முதல் தலைமுறைப் பட்டதாரி மாணவர்களுக்கு மாலைநேர ஆங்கில வகுப்பு நடத்திக்கொண்டிருந்தவர். திருத்தப் பட்டியல் போட்டோம். அதைப் பார்த்துவிட்டு அதே வகுப்பில் பாடம் எடுத்த இன்னொருவர் வந்து, "அப்போ நான் ஏன் சார் இல்ல?" என்றார். இந்த முறை அவரை உட்காரவைத்து, இரண்டு பேருடைய விவரத்தையும் எடுத்துவைத்துப் பேச முடிந்தது.