இடக்கை மேலே

சீனாவின் செங்சோ நகரிலிருந்து பஸ் ஏறி டெங்ஃபெங் வந்து இறங்கிய மறுநாள், விடிவதற்கு முன்பே தெருவில் காலடி ஓசை. நூற்றுக்கணக்கான சிறுவர்கள் வரிசை கலையாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். சொங்ஷான் மலையடியில் இருக்கும் இந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தற்காப்புக் கலைப் பள்ளிதான்.

ஒரு பள்ளி மைதானத்தில் நின்றிருந்த முதிய ஆசானுக்கு அவர்கள் முறைப்படியே வணக்கம் வைத்தேன். இடக்கையை முஷ்டியாக்கி, வலது உள்ளங்கையால் மூடினேன். அவர் அருகில் வந்து, என் கைகளைப் பிரித்து மாற்றி வைத்தார். வலக்கை முஷ்டி, மேலே இடது உள்ளங்கை. “நீங்கள் முதலில் வைத்தது துக்க வீட்டு வழக்கம்” என்று உடனிருந்த மாணவன் எடுத்துச் சொன்னான். முஷ்டி வீரம். அதை அணைக்கும் கையின் நான்கு விரல்கள் ஒழுக்கம், அறிவு, உடல்நலம், அழகுணர்வு. கட்டை விரலை மடக்கிக்கொள்வது ‘நான் பெரியவன் இல்லை’ என்பதற்காக. விரல்களுக்கான இந்த விளக்கம் அண்மைக் காலத்தது என்றாலும், அடிக்கும் கையை இன்னொரு கை தடுத்து நிற்பது எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

ஷாவோலின் கோயிலுக்குள் வணக்கமே வேறு. அங்கே துறவிகள் ஒற்றைக் கையை மட்டும் மார்புக்கு நேராக உயர்த்துகிறார்கள். காரணம் கேட்டால் ‘பனியில் நின்ற மண்டபம்’ என்ற சிறு கட்டடத்தைக் காட்டுகிறார்கள். போதிதர்மரிடம் சீடனாகச் சேர வந்த ஹுயிகே, முழங்கால் வரை பனி மூடும்படி இரவெல்லாம் நின்றாராம். குரு இரங்கவில்லை. தன் இடக்கையை வெட்டி முன்னே வைத்த பிறகுதான் ஏற்றுக்கொண்டாராம். அந்த ஒற்றைக் கையின் நினைவுதான் இந்த வணக்கம். 7-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட துறவிகள் வரலாறு ஒன்றோ, கையை வெட்டியவர்கள் கொள்ளையர்கள் என்கிறது. எது நடந்திருந்தாலும், தலைமுறை தலைமுறையாக ஒரு குறையை வணக்கமாக ஏந்தி வந்திருக்கிறார்கள். அந்த மண்டபத்தின் முன் வெகுநேரம் நின்றிருந்தேன்.

போதிதர்மரைக் காஞ்சிபுரத்து இளவரசர் என்றே கேட்டு வளர்ந்தவன் நான். சீனத்தின் பழைய குறிப்பு ஒன்று தென்னிந்திய மன்னர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. ஊர்ப் பெயர் அதில் இல்லை. குங்ஃபூவை அவர்தான் கற்றுக்கொடுத்தார் என்பதும் பல நூற்றாண்டுகள் கழித்து எழுந்த கதையே. அதனால் அவர் மீதான மதிப்பு எனக்குக் குறையவில்லை.

போர்க்கலையைக் குறிக்கும் ‘வூ’ என்ற எழுத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று ஈட்டி, மற்றது ‘நிறுத்து’. கி.மு. 597-இல் போரில் வென்ற சூ நாட்டு மன்னர் சுவாங்கிடம், எதிரிகளின் பிணங்களைக் குவித்து வெற்றி மேடு எழுப்பலாம் என்றார்கள். அவர் மறுத்தார். ஈட்டியை நிறுத்துவதே ‘வூ’ என்றார். அந்த இரண்டாவது பகுதி ஆதியில் ஒரு பாதத்தின் வடிவம், ஈட்டியோடு நடப்பதையே அது குறித்தது என்பது எழுத்தாய்வாளர்கள் கருத்து. எனக்கு மன்னரின் விளக்கம்தான் வேண்டும்.

ஆனால் கோயிலின் ஆயிரம் புத்தர் மண்டபத்துக்குள் நுழைந்ததும் பாதம்தான் கண்ணில் பட்டது. செங்கல் தரையில் 48 குழிகள், வரிசை வரிசையாக. துறவிகள் ஒரே இடத்தில் நின்று, காலை ஓங்கி மிதித்துப் பயின்ற தடங்கள். சுவர் முழுக்க, ஞானம் பெற்ற பௌத்தத் துறவிகளான 500 அர்ஹத்துகளின் ஓவியம். கீழே, கால்கள் மட்டுமே எழுதிய தரை.